நோயுற்ற பூனையும் நோயற்ற பூனையும்

பூனைக்கும் இரத்தப் புற்று வருமா என்று கேட்டு நகைக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. வரும். அஃது ஒரு பூனையிடமிருந்து மற்றொரு பூனைக்குத் தொற்றவும் செய்யும். இந்த இரண்டாவது செய்தியைக் கேட்டதும், நகைத்தவர் முகத்திலேயே அச்சம் குடிபுகுவதைப் பார்த்திருக்கிறேன். "அப்படியானால் அதைத் தூக்கி வெளியே விட்டுவிட வேண்டியதுதானே!" என்பது அடுத்த பேச்சு. இப்பேச்சு தவறு என்பது என் கருத்து. இதற்கு நேர் எதிராக, "எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும், பாவம்!" என்று இரங்குவோர் கூறுவதும் தவறே என்பது அதனினும் உறுதியான என் கருத்து.

நமது சங்க ஏட்டில் இலக்கியம் எழுதுவோரும் அரசியல் எழுதுவோரும் பலர். இவர்கள் நடுவே பூனையைப் பற்றி எழுத ஒருவன் வந்தானே என்று ஆசிரியர் குழுவினர் முகம் சுளிக்க மாட்டார்கள் என நம்புகிறேன். நுண்ணுயிரியல் படிப்பவனுக்கு வேறென்ன தெரியும்? மேலும், இப்பல்கலைக்கழகத்தைச் சுற்றி விஜய் நகரிலும் முகர்ஜி நகரிலும் கூட்டாகக் குடியிருக்கும் தமிழ் மாணவர் வீடுகளுள் நான் போய் வந்தவற்றில் பாதிக்கு மேல் பூனை உண்டு. அதுவும் ஒன்றல்ல, மூன்று, நான்கு, ஐந்து. ஊரை விட்டு வந்தவனுக்கு மாலையில் கதவைத் திறந்ததும் காலைச் சுற்றி வர ஓர் உயிர் வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊரிலும் நாம் பூனை வளர்த்தவர்களே. ஆனால் அங்கே நாம் பூனையை வளர்த்தோம் என்பதைவிட, பூனை நம் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது என்பதே பொருந்தும். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பூனை கொல்லைப்புறமாக வரும்; நெல் மூட்டையின் மேல் பகலெல்லாம் உறங்கும்; இரவில் எங்கோ போகும். ஒருநாள் வராமற் போகும். "எங்கேயோ போயிடுச்சு" என்பார் அப்பாயி. அத்தோடு சரி. அது நோயால் மாண்டதா, நாயால் மாண்டதா, அடுத்த தெருவில் நல்ல பால் கண்டு தங்கிவிட்டதா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. இங்கோ மூன்றாம் மாடி. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். ஐந்து பூனைக்கு ஒரே தட்டு, ஒரே தண்ணீர்க் கிண்ணம், ஒரே மணல் தொட்டி, படுக்க ஒரே மெத்தை. ஒன்றையொன்று நக்கிக் கொடுத்துக்கொண்டு அவை படுத்திருக்கும் காட்சி கண்ணுக்கு இனியதுதான். ஆனால் இந்த வைரஸ் விரும்புவதும் அந்தக் காட்சியையே.

இதை நானாகக் கூறவில்லை. இந்நோயின் வரலாறே இத்தகைய ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. பல பூனைகள் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று கண்டதே, ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயியல் அறிஞர் வில்லியம் ஜாரெட்டைச் சிந்திக்க வைத்தது. 1964ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் கூட்டாளிகளும் அத்தகைய கட்டிகளில் வைரஸ் துகள்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டனர். தாயிடமிருந்து குட்டிக்கு மட்டுமே இது வருகிறது போலும் என்றிருந்த ஐயம், 1973இல் அமெரிக்காவில் வில்லியம் ஹார்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வால் நீங்கியது. உடன் வாழும் பூனைகளுக்கிடையே இது பரவுகிறது. பரப்புவதில் முதலிடம் எச்சிலுக்கு. மூக்குநீர், கடிகாயம், தாய்ப்பால் ஆகியனவும் வழிகளே.

ஏன் இதற்கு முற்றும் குணமாக்கும் மருந்தில்லை என்பதையும் ஒரு சொல்லில் கூறிவிடுகிறேன். இது ரெட்ரோ வைரஸ் குடும்பத்தது. இவ்வகை வைரஸ்கள் தம் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதவல்ல நொதியைச் சுமந்து வருகின்றன. அந்த நொதியை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். 1975இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அவ்வாறு எழுதப்பட்ட டி.என்.ஏ., உயிரணுவின் சொந்த டி.என்.ஏ.யோடு பின்னிக்கொள்கிறது. எலும்பு மச்சையில் ஒருமுறை பின்னிக்கொண்டதைப் பிரித்தெடுக்க இன்றுவரை வழியில்லை.

எய்ட்ஸ் நோயின் வைரஸும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததுதான், கிளை வேறு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு நம் நாட்டில் தட்டையும் குவளையையும் கண்டு எத்தனை பேர் அஞ்சினர், எத்தனை குடும்பங்களில் நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து அவமதித்தனர் என்பதை நாம் அறிவோம். அந்த அச்சம் பொய். தட்டாலும் குவளையாலும் எச்.ஐ.வி. பரவாது. பூனையின் கதையோ இதற்கு மாறானது. இங்கே பொதுத் தட்டு உண்மையிலேயே நோய் பரப்பும். ஒரு குடும்பத்து வைரஸ்கள்தாமே என்று ஒன்றுக்குரிய நடத்தையை மற்றொன்றுக்குப் பொருத்துவது விஞ்ஞானம் ஆகாது. தனித் தட்டு அங்கே கொடுமை; இங்கே கடமை.

மனிதருக்கு இது வருமா? வீட்டுக்காரம்மாவிலிருந்து வகுப்புத் தோழர்வரை அனைவரும் முதலில் கேட்பது இதைத்தான். பல ஆண்டுகள் ஆராய்ந்தும் மனிதருக்கு இது தொற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நாய்க்கும் வராது. அச்சமின்றிப் பூனையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். பூனைகளுக்குப் 'பான்லுக்கோபீனியா' என்ற வேறொரு நோயுண்டு. 'லுக்கீமியா' என்பதும் 'லுக்கோபீனியா' என்பதும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் நம்மவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். பின்னதில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து, வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டி சில நாட்களிலேயே மாளக் கூடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டுகூட உயிர்ப்போடு கிடக்கும். நாம் பேசும் வைரஸோ வெளியில் வந்தால் சில மணி நேரமே தாங்கும். காய்ந்தால் அழியும், சாதாரணச் சோப்பு நீரில் அழியும். எனவே மெத்தையை எரிக்க வேண்டா, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டா. நாம் ஆண்டுதோறும் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் பான்லுக்கோபீனியாவுக்குக் காப்பு உண்டு, லுக்கீமியாவுக்கு இல்லை. "ஊசி போட்டாயிற்றே, எப்படி வந்தது?" என்று கேட்பவர்கள் இதைக் கருத வேண்டும்.

நிற்க. எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

நாங்கள் நால்வர். ஆய்வு மாணவரான மதுரை அண்ணன் ஒருவர், பொருளியல் படிக்கும் நாகர்கோவில் நண்பன், முதலாண்டுக்கு வந்துள்ள தம்பி ஒருவன், நான். பூனைகள் ஐந்து. அவற்றுள் மூத்தது செவலை என்னும் ஆண்பூனை. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபோது செவலை மெலிந்தது. ஈறு வெளிறிக் காகிதம் போலாயிற்று. மாடிப்படி ஏறும்போதே நடுவில் உட்கார்ந்துவிடும். மருத்துவர் சில துளி இரத்தம் எடுத்து எலிசா முறைப் பரிசோதனை செய்தார். வைரஸின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. சில நிமிடங்களில் முடிவு தெரியும். இருந்தது. மற்ற நான்கையும் கூடையில் வைத்து இரண்டு ஆட்டோவில் கொண்டு போனோம். மை என்ற கறுப்புக் குட்டிக்கும் இருந்தது. மற்ற மூன்றுக்கும் இல்லை.

அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்த விவாதம், நம் சங்கத் தேர்தலின்போது நடக்கும் விவாதத்திற்குச் சற்றும் இளைத்ததன்று. "ரெண்டையும் எங்கயாவது பூங்காவுல விட்டுருவோம். மத்த மூணாவது பிழைக்கட்டும்" என்றான் நாகர்கோவில் நண்பன். அவன் கல்நெஞ்சன் அல்லன். மற்ற மூன்றின் மீது கொண்ட அன்பாலேயே அப்படிச் சொன்னான். தம்பிக்கோ கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாள் ஒண்ணா இருந்ததுங்க, இனிமே பிரிச்சு என்னண்ணா ஆகப் போகுது? எப்படியும் வர்றது வரும்" என்றான். மதுரை அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தேநீர் போடப் போய்விட்டார். அவர் முறை அது.

நண்பன் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். நோயுள்ள பூனையைத் தெருவில் விட்டால் நோய் வீட்டை விட்டுப் போகும். ஊரை விட்டுப் போகாது. தெருவில் வேறு பூனைகள் இல்லையா? அவற்றோடு இது சண்டையிடும், கடிக்கும், ஒரே குப்பைத் தொட்டியில் உண்ணும். நம் வீட்டுச் சுமையைப் பேசமாட்டாத வேறு பூனைகளின் தலையில் இறக்கி வைப்பதற்குப் பெயர் சுகாதாரம் அன்று. சட்டமும் அதை ஏற்கவில்லை. 1953இல் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டு வந்த மசோதாவைத் தொடர்ந்து 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவதை அச்சட்டம் வதை என்றே கூறுகிறது.

கொன்றுவிடலாம் என்பாரும் உளர். அவர்களுக்கு நீதி வழங்கும் வகையில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். 1970களில் அமெரிக்காவில் பரிசோதித்து, நோயுள்ளதை அகற்றுவது என்ற முறையைக் கையாண்டார்கள். பூனைப் பண்ணைகளில் நோய் குறைந்ததும் உண்மை. ஆனால் அன்றிருந்த அறிவுக்கு அது பொருந்தியது. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பூனையின் உயிரைப் போக்கக் கூடாது என்று தெளிவாகவே கூறுகின்றன. ஏன்? தொற்று வேறு, நோய் வேறு. வைரஸ் புகுந்த பூனைகளுள் சிலவற்றின் உடல் அதை முற்றிலும் விரட்டிவிடுகிறது. சிலவற்றில் அது இரத்தத்தில் சில வாரம் உலவி, பின்னர் அடங்கி, எலும்பு மச்சையில் ஒளிந்து கிடக்கிறது. அவை நெடுநாள் நலமாகவே வாழக் கூடும். மூன்றாவது வகையில்தான் வைரஸ் ஓயாமல் பெருகுகிறது. அப்பூனைகளுக்கு இரத்தச் சோகை, புற்று, எதிர்ப்பாற்றல் குறைந்ததால் வேறு தொற்றுகள் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றுள் பல மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. எனினும் அந்த மூன்று ஆண்டும் படுத்த படுக்கையாகவே கழிவதில்லை. பூனையின் வாழ்வில் மூன்று ஆண்டு என்பது சிறிய காலமா? நாம் இங்கே பட்டம் வாங்கும் காலம் அது.

முதற் பரிசோதனையோடு தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு எங்கள் மையே சான்று. இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது மையின் இரத்தத்தில் அப்புரதம் இல்லை. அடங்கிவிட்டது, முழுக்க விலகியது என்று உறுதி கூற இயலாது, கவனமாகப் பாருங்கள் என்றார் மருத்துவர். செவலைக்கு அப்போதும் இருந்தது. அந்த முதல் இரவிலேயே இரண்டையும் பூங்காவில் விட்டிருந்தால்? நண்பனே இப்போது அதைக் கேட்டுக்கொண்டு மையைத் தோளில் போட்டுத் திரிகிறான். அதேபோல, இல்லை என்று வந்த முடிவும் இறுதியன்று. புதிதாகத் தொற்றியது சோதனையில் தெரியச் சில வாரம் ஆகலாம். ஆகவே குறைந்தது 30 நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஐயம் நீடித்தால் பி.சி.ஆர். சோதனை உண்டு. மாணவன் பைக்கு இது பாரமே. நான்காகப் பகிர்ந்தால் தாங்கலாம்.

இனித் தம்பி சொன்னது. இதுதான் நம்மவரிடையே மிகுதி. இரக்கம் நிறைந்த பேச்சு ஆதலால் மறுக்கவும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மறுத்தே ஆக வேண்டும். இத்தனை நாள் ஒன்றாக இருந்தும் மூன்று பூனைகளுக்குத் தொற்றவில்லை என்றால், இனியும் தொற்றாது என்பதற்கு யார் பொறுப்பு? வளர்ந்த பூனைக்கு வயதோடு ஓரளவு தாங்கும் ஆற்றல் வருகிறது என்பது மெய்தான். அந்த ஆற்றலும் எல்லையற்றதன்று. நாள்தோறும் ஒரே கிண்ணத்தில் வைரஸைக் குடித்தால் ஒருநாள் தோற்கலாம். "வர்றது வரும்" என்பது, நாம் ஒரு கதவைச் சாத்தச் சோம்பியதற்கு விதியைச் சாட்சிக்கு அழைப்பதாகும். செவலைக்கு இரங்குகிறோம், நன்று. மற்ற மூன்றும் இரக்கத்துக்கு உரியவை அல்லவா? அவை இன்னும் நலமாக இருக்கின்றன என்பதாலேயே நம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகின்றனவா?

ஆகவே செவலை தனி அறைக்குப் போயிற்று. தில்லிவாசிகளுக்குப் 'பர்சாதி' என்றால் தெரியும்; மொட்டை மாடியில் தனித்து நிற்கும் ஒற்றை அறை. எங்கள் வீட்டுக்கு அது உண்டு. மதுரை அண்ணன்தான் அதுவரை அதில் இருந்தார். ஆய்வேட்டையும் பாயையும் சுருட்டிக்கொண்டு அவர் கீழே வந்தார். தேநீர் போட்டுக்கொண்டே அவர் யோசித்தது அதைத்தானாம். இப்போது அங்கே செவலைக்கென்று தனித் தட்டு, தனிக் கிண்ணம், தனி மணல் தொட்டி, தனிச் சீப்பு. கீழே உள்ளவற்றைக் கவனித்த பிறகே மேலே போவோம். மேலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். வைரஸ் வலுவற்றது என்பதால் இவ்வளவே போதும். சட்டையை மாற்றிக் குளித்துவிட்டு வருமாறு தம்பி எங்களைச் சில நாள் விரட்டினான். பிறகு அவனே விட்டுவிட்டான்.

தனி அறை இல்லாதவர் என்ன செய்வது? குளியலறையோ தடுத்த பால்கனியோ இருந்தாலும் வழியுண்டு. எதுவுமே முடியாவிட்டால் தட்டையும் கிண்ணத்தையும் தொட்டியையுமாவது பிரிக்க வேண்டும். சண்டையிடும் பூனைகளைச் சேர விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்திருக்க வேண்டும். இந்த வைரஸுக்கெதிரான தடுப்பூசி 1985ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. அது கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்டுத் தொற்றில்லாதவற்றுக்குப் போடலாம். முழுக் காப்பு அன்று. ஆதலால் ஊசி போட்டாலும் பிரித்து வைப்பதே மேல். ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு அந்த ஊசியால் பயனில்லை.

தனிமை பூனைக்குத் தண்டனையாகிவிடக் கூடாது என்பதில் தம்பி பிடிவாதமாக இருந்தான். அதில் அவன் பக்கமே நியாயம். முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் மேலே போய்ப் படிக்கிறோம். செவலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு உயிர் வேதியியல் படித்தால் நன்றாகவே ஏறுகிறது. சன்னலோரம் பலகை ஒன்று அடித்தோம். புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே அதற்குப் பாதி நாள் வேலை. தில்லியின் பருவங்கள்தாம் தொல்லை. குளிர்காலத்தில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மே மாதத்திலோ மொட்டை மாடி அறை அடுப்பாகிவிடும். அப்போது செவலைக்குக் கீழே என் அறை, எனக்கு மொட்டை மாடிக் கட்டில்.

உணவைப் பற்றி நம்மவர்க்குச் சொல்ல வேண்டியது அதிகம். மஞ்சள் வழி மெட்ரோவில் ஐ.என்.ஏ. சந்தை வரை போய் மீன் வாங்கி வருபவர்கள் நாம். தலையையும் குடலையும் பச்சையாகப் பூனைக்குப் போடுவது ஊர்ப் பழக்கம். எதிர்ப்பாற்றல் குறைந்த பூனைக்குப் பச்சை இறைச்சியிலும் பச்சை முட்டையிலும் உள்ள கிருமிகள் போதும், உயிரைப் பறிக்க. பச்சை மீன் சிலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதியும் உண்டு. வேகவைத்தே கொடுக்க வேண்டும்; முள் நீக்க வேண்டும்; உப்பு, வெங்காயம், பூண்டு கூடா. மறுபுறம், சைவ வீட்டு அன்பர்கள் தயிர்சாதம் மட்டும் வைத்து வளர்க்கிறார்கள். பூனை புலால் உண்டே வாழ அமைந்த பிராணி. அதற்கு வேண்டிய டாரின் என்னும் பொருள் சோற்றிலும் தயிரிலும் கிடைப்பதில்லை. உங்கள் விரதம் உங்களோடு இருக்கட்டும்.

இன்னொன்று. பூனைக்குக் காய்ச்சல் கண்டால் நம் மேசை அறையிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் கை உண்டு. ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; புற்று கொல்வதற்கு முன் மாத்திரை கொன்றுவிடும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். உதட்டை விலக்கி ஈற்றின் நிறம் பாருங்கள். வாய்ப்புண், எச்சில் ஒழுகுதல், மூச்சிரைப்பு, ஒருநாள் முழுதும் உண்ணாமை, இவற்றுள் எது கண்டாலும் நாளை பார்ப்போம் என்று தள்ளாமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நலமாக இருந்தாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். செவலைக்கு இரத்தச் சோகைக்கும் ஈறு வீக்கத்துக்கும் மருத்துவம் நடந்தது. இன்று பழைய எடையில் முக்கால் பங்கு திரும்பியிருக்கிறது.

இனி நான் கூறப் போவது பலருக்குக் கசக்கும். இத்தகைய வீட்டில் இனி ஒரு பூனையும் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது ஒருவர் சட்டைப்பையில் குட்டியோடு வந்து கதவைத் தட்டுவார். "உங்க வீட்லதான் அஞ்சு இருக்கே, ஆறாவதா இதுவும் இருந்துட்டுப் போகட்டுமே" என்பார். பூனை வளர்ப்பவன் கருணையாளன் என்ற பெயர் ஒன்று நமக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற நாம் கதவைத் திறக்கிறோம். ஆனால் குட்டிகளே இந்த வைரஸுக்கு மிக எளிதில் இரையாகின்றன. நோயுள்ள வீட்டில் குட்டியைச் சேர்ப்பது காப்பாற்றுவதன்று. அக்குட்டியே நோயோடு வந்திருந்தால் மற்றவற்றின் கதி? இடமும் அப்படியே. ஐந்து பூனை உள்ள அறையில் ஆறாவதும் ஏழாவதும் வந்தால் தட்டுகள் மறுபடி பொதுவாகும், தொட்டி நாறும், சண்டை பெருகும், பணம் கரையும். செவலையின் ஈற்றைப் பார்க்க யாருக்கும் நேரமிராது. சென்ற ஆகஸ்டில் அவ்வாறு வந்த ஒரு குட்டியை வாசலிலேயே மறுத்தோம். கொண்டு வந்த நண்பர் எங்களைக் கடிந்துகொண்டு போனார். மூன்று வீடு தள்ளிப் பூனையே இல்லாத ஒரு வீட்டில் அதற்கு இடம் பார்த்துக் கொடுத்தது மதுரை அண்ணன். பரிசோதனையும் செய்வித்தார், தொற்றில்லை. நண்பர் எங்களோடு இன்னும் பேசுவதில்லை. அதனால் என்ன?

வீட்டில் பூனை இல்லாதவர்க்கும் ஒரு சொல். விடுதி உணவுக்கூடத்தின் பின்புறம் நாம் பூனைகளுக்குச் சோறு வைக்கிறோம். ஒரு பெரிய தட்டில் கொட்டிவிட்டு, பத்துப் பூனைகள் தலையோடு தலை முட்டி உண்பதைப் படம் எடுத்து மகிழ்கிறோம். அதையே பழைய செய்தித்தாள்களில் நாலைந்து இடமாகப் பிரித்து, எட்ட எட்ட வைத்தால் என்ன குறைந்துவிடும்? உண்டு முடித்ததும் தாளைச் சுருட்டி எறிந்துவிடலாம். சங்கத்தின் பொங்கல் விழாக் கணக்கில் ஆண்டுதோறும் மீதமாகும் தொகையிலிருந்து இரண்டு மூன்று பூனைக்குக் கருத்தடை செய்யலாம். பட்டிமன்றத்துக்கு வரும் நடுவரின் பொன்னாடையைக் கொஞ்சம் மெல்லியதாக வாங்கினால் நான்காவதற்கும் ஆகும்.

செவலைக்கு என்றேனும் ஒருநாள் முடிவு வரும். அதையும் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். வலி தாங்க முடியாமல், உண்ண முடியாமல், மருத்துவமும் பயன் தராத நிலை வந்தால், மருத்துவர் கையால் அமைதியாக விடைபெறச் செய்வது என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம். அந்நாளை முடிவு செய்யும் பொறுப்பு தம்பிக்கில்லை. அவன் மீது அதைச் சுமத்தலாகாது என்று அண்ணன் கூறிவிட்டார்.

இப்போதைய கவலை வேறு. பருவத் தேர்வு முடிகிறது. எல்லோரும் தமிழ்நாடு எக்ஸ்பிரசுக்குச் சீட்டுப் பதிவு செய்கிறார்கள். பூனை வளர்க்கும் மாணவர் வீடுகளில் விடுமுறைதான் மிகப் பெரிய அபாயம். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, "ரெண்டு வேளை சோறு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் கதவுகளைத் திறந்து வைத்துவிடுவார்; அவர்மேல் குற்றமில்லை. ஆகவே நால்வரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போவதில்லை என்று வைத்திருக்கிறோம். சீட்டுக் குலுக்கியதில் இம்முறை எனக்கு விழுந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பூனைக்காகவாடா?" என்றார். ஆமாம் என்றேன். அது மீன் சாப்பிடுகிறதா என்று கேட்டார்.